வால் முளைத்த தவளை

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு தவளை இருக்கிறது. உயிரோடு இல்லை, எலும்பு மட்டும். கறுப்புத் துணி ஒட்டிய அட்டையில் மெல்லிய கம்பியால் கட்டி, கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைத்தது. அதன் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. பின்னால் வால் இருக்கிறது.

தவளைக்கு வால் கிடையாது. தலைப்பிரட்டையாக இருக்கும்போது இருக்கும், வளர்ந்ததும் போய்விடும். நாலாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நானோ விலங்கியலில் எம்.எஸ்சி., அதற்கு மேல் எம்.ஃபில். முதுகெலும்பு உள்ள பிராணிகளின் உடலமைப்பை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கல்லூரியில் பாடமே நடத்தியவள். வேறு யார் வீட்டில் இருந்தாலும் அந்தத் தவளை வேடிக்கைப் பொருள். என் வீட்டில் இருப்பதால் மானக்கேடு.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், "இது என்ன, பல்லியா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் யாழினி, "இல்ல ஆன்ட்டி, அது தவளதான். எங்கம்மா வேலயச் சாப்பிட்ட தவள" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இந்தத் தடவையாவது நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. என் கணவர் குமரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டர். ஒருநாள் காலையில் டிபன் பாக்ஸோடு போனவர் பத்து மணிக்கே டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தார். கம்பெனி கேட்டில் பூட்டு. முதலாளி போனை எடுக்கவில்லை. அன்றைக்குப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி வந்த பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். பட்டாபிராமில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் ரயில் போவது தெரியும். காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும், சாயந்திரம் கொண்டுவந்து கொட்டும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டார். தட்டில் எவ்வளவு வைத்தேனோ அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் என்று கேட்டதே இல்லை. (உப்பு இல்லை என்றுகூடச் சொல்லமாட்டார். கல்யாணமான புதிதில் இந்த மனுஷனா ரசத்துக்காகச் சண்டை போட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.)

வீட்டில் வந்த ஒரே சம்பளம் என்னுடையது. பாரிவாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், என் நாற்காலியில் சாய்ந்து உட்காரவே எனக்குப் பயம். முதல்வர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும்மா, உங்கள நிரந்தரம் பண்ணிடறேன்." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் அரிசி வாங்கினேன், யாழினிக்கு ஃபீஸ் கட்டினேன், தூங்கினேன். இன்ஸ்பெக்‌ஷன் குழு வருவது சரஸ்வதி பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்த மறுநாள்.

விடுமுறைக்கு முந்தின நாள் கல்லூரியில் ஆயுத பூஜை. இயற்பியல்காரர்கள் தராசுக்குப் பொட்டு வைப்பார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் மவுஸுக்குப் பொட்டு வைப்பார்கள். எங்கள் லேபில் பொட்டு வைக்க மைக்ராஸ்கோப் போக இருந்தது நாலு கண்ணாடிப் பெட்டிதான். தவளை, ஓணான், புறா, முயல். நாலின் எலும்பும் தனித்தனி அட்டையில், பக்கத்தில் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு. என் பாடத்துக்கு அந்த நாலு பெட்டிதான் உயிர். நாலையும் வரிசையாக வைத்து, "தவளையோட முன்னங்கால் பாருங்க, புறாவோட இறக்கை பாருங்க, இப்ப உங்க கையப் பாருங்க. எல்லாத்துலயும் மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு. தவளைக்கு மட்டும் அந்த ரெண்டும் ஒட்டிக்கிச்சு. எல்லாரும் ஒரே பாட்டன் வழி வந்தவங்க" என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் தங்கள் கையையே புதிதாகப் பார்த்ததுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் டீச்சர் வேலைக்கே வந்தேன்.

மழை ஆரம்பித்ததிலிருந்து லேப் கூரை ஒழுகியது. நாலு பெட்டிக்குள்ளும் பூஞ்சணம். லேப் அட்டெண்டர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். "பெட்டியத் தொறந்து நல்லா சுத்தம் பண்ணுங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது. பூஜைக்கும் ஆச்சு, இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு முதல்வர் கூப்பிட்ட மீட்டிங்குக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது லேப் நடுவில் ஒரு பெரிய நீல நிற பிளாஸ்டிக் டப். நுரை பொங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை முழங்கை வரை உள்ளே விட்டு அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இப்பதான் வரீங்கோ? ஒரே பூஞ்சக் காளானா கீது. அட்டைலேந்து அல்லாத்தையும் கயட்டி சோப்புத் தூள்ல ஊறப் போட்டுகீறேன். பாருங்கோ, பல்லு மாதிரி பளபளன்னு கீது!"

"எல்லாத்தையுமா? நாலையுமா?"

"பின்ன? ஒண்ண வுட்டா அது கோச்சுக்காது?"

"ஒரே டப்புலயா?"

"வேற டப்பு ஏது மேடம்?"

எட்டிப் பார்த்தேன். தவளை, ஓணான், புறா, முயல் எல்லாம் ஒன்றாகிக் கிடந்தன. பெயர்ச்சீட்டுகள் கரைந்து நுரையோடு நுரையாக மிதந்தன. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் பிடித்த கூட்டத்தை, ஏழுமலை ஒரு மீட்டிங் நேரத்தில் மறுபடி ஒன்று சேர்த்துவிட்டார். அழக்கூடத் தோன்றவில்லை. சுத்தம் பண்ணச் சொன்னது நான்தானே.

பூஜை நடந்தது. ஒரு தாம்பாளத்தில் எலும்பைக் குவித்து, மேலே தவளை மண்டையை வைத்து, ஏழுமலை பக்தியோடு சந்தனம் குங்குமம் இட்டார். முதல்வர் கும்பிட்டுவிட்டு, "ஜுவாலஜில இந்த வருஷம் ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிப் பொரி வாங்கிக்கொண்டு போனார்.

எலும்பை ஒரு பக்கெட்டில் போட்டு மூடி, அட்டைகளைக் கட்டி, ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சூப்புக்காம்மா? நாளைக்குப் பூஜைன்னு பாத்தா முடியுமா, உடம்புக்கு வேணுமே" என்று எனக்காக வருத்தப்பட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். அன்று ராத்திரியே புத்தகத்தைப் பார்த்து எலும்பைப் பிரித்திருக்கலாம். செய்யவில்லை. களைப்பு. மறுநாள் காலையில் சரஸ்வதி பூஜை. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற பயத்தில், என் உடலமைப்புப் புத்தகம், பிராக்டிகல் புத்தகம், படிக்கும்போது நான் படம் வரைந்த நோட்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, அழகாக அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டேன். காட்டி முடித்துத் திரும்பியபோதுதான் ஹாலில் இருந்த பக்கெட் கண்ணில் பட்டது. பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில் மறுபூஜை செய்யும்வரை தொடக் கூடாது. வேறு வருஷமாக இருந்தால் தொட்டிருப்பேன். வேலை ஊசலாடிக்கொண்டிருக்கும் வருஷத்தில் சரஸ்வதியைப் பகைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

போனில் தேடினேன். முயல் எலும்பு என்று போட்டால் மிளகு தட்டிப்போட்டுச் செய்யும் முறை வந்தது. புறா எலும்பு என்று போட்டால் மூட்டுவலி வைத்தியம் வந்தது. பிறகு மழையில் நெட்டும் போனது.

ஹாலில் பேப்பரை விரித்துக் கொட்டினேன். பெரிய எலும்பெல்லாம் தெரியும். மண்டை, புறாவின் மார்பெலும்பு, தவளையின் தொடை. முதுகெலும்புத் துண்டுகள்தான், ஒவ்வொன்றும் பருப்பு அளவு, குவியலாகக் கிடந்தன. இப்படித் திருப்பினால் முயல், அப்படித் திருப்பினால் ஓணான். ஒரு கட்டத்தில் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, "ஐயோ, எல்லாம் போச்சு" என்று வாய்விட்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா தட்டில் சுண்டலோடு உள்ளே வந்தார். சரஸ்வதி பூஜையும் அதுவுமாக நடு ஹாலில் எலும்பையும், தலைவிரிகோலமாக அழுகிற என்னையும் பார்த்தார். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். (தட்டை இன்றுவரை கேட்கவில்லை.)

அப்போது பால்கனி நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

குமரன் வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தார். ஒரு எலும்பை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. வேறொன்று. பொருந்தியது.

"இது இதோட ஜோடி. இந்தக் குழில இது உக்காருது பாரு. அதுக்கு இது லூசு," என்றார். மாசக்கணக்கில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"எப்படிங்க தெரியுது?"

"இதுல இன்னா கீது? பேரிங் மாட்றதுதானே."

யாழினியின் கலர் தட்டு, இட்லித் தட்டு, கிண்ணம் எல்லாம் கேட்டு வாங்கினார். அளவுவாரியாகப் பிரித்தார். நான் "இது தவள, இது முயல்" என்று பெரிய எலும்பைக் காட்டக் காட்ட, சின்னதெல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் நிமிர்ந்து, "சுதா, நாலும் ஒரே டிராயிங்ல போட்ட மாதிரி கீதே. அளவுதான் வேற. அதே ஜாயின்ட்டு, அதே கணக்கு," என்றார். நான் ஒரு செமஸ்டர் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்வதை மனுஷன் தானாகவே பிடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஏமாந்தேன்.

மத்தியானத்துக்குள் நாலு அட்டையும் கட்டியாகிவிட்டது. ஓணானின் வால் மட்டும் அட்டையை மீறிப் போனது. பழைய அட்டையிலும் முழு வால் இருந்ததா, மடக்கி வைத்திருந்தார்களா, எனக்கு நினைவில்லை. ஒரு கைப்பிடி துண்டு மிஞ்சியது. "போதும்ங்க, வால் நுனியெல்லாம் யார் பாக்கப் போறா? அதக் குப்பைல போடுங்க," என்றேன்.

"பார்ட்ஸத் தூக்கிப் போடறதா? வேல முடிஞ்சா தட்டுல ஒண்ணும் மிஞ்சக் கூடாது. மிஞ்சிச்சுன்னா அந்த பம்பு திரும்பி வரும்," என்றார். இது அவருடைய தொழில் வேதம். வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டும்போதும் சொல்வார். நான் காதில் வாங்காமல், வடை பாயசம் சாப்பிட்ட மயக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்கினேன். எழுந்து வந்தபோது தட்டு காலி. வேலை முடிந்தது என்று தவளை அட்டையை மட்டும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி, பார்சல் ஆக்கிவிட்டிருந்தார். மறுநாள் புத்தகம் கைக்கு வந்ததும் மற்ற மூன்றையும் சரிபார்த்துச் சில்லறைத் தப்புகளைத் திருத்தினேன். தவளையைத்தான் நேற்றே முழுசாகப் பார்த்தேனே, எதற்கு அவ்வளவு டேப்பையும் பிரிப்பது என்று விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று வாசலில் பன்னீர் தெளிக்க என்னை நிறுத்திவிட்டார்கள். லேபில் பார்சலைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது ஏழுமலை. குழுவோடு நான் உள்ளே நுழைந்தபோதுதான் எல்லாவற்றையும் பெட்டிக்குள் முதல்முதலாகப் பார்க்கிறேன். பாட நிபுணராக வந்தவர் நரைத்த மீசை வைத்த பெரியவர். முயலைப் பார்த்தார், தலையாட்டினார். புறா, தலையாட்டல். ஓணான், தலையாட்டல். தவளையிடம் வந்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது என்னம்மா?"

"தவளை சார்."

"வால் இருக்கே?"

அப்போதுதான் பார்த்தேன். தவளையின் முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு நீளமான தண்டு எலும்பு இருக்கும். தலைப்பிரட்டை வால் போனதன் அடையாளமாக மிஞ்சுவது. ஃபிட்டர் கண்ணுக்கு அது பாதியில் நின்றுபோன ஷாஃப்ட். அதன் நுனியில் தொடங்கி, பெரிதிலிருந்து சிறிதாக, ஒரு இம்மி பிசகாமல், கம்பியில் கோத்து, லேசான வளைவோடு ஓணான் வால் நுனி நீண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த லேபிலேயே அழகான வேலை அதுதான். கடவுள் மறந்துவிட்டதை முடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

"சார், இது... தலைப்பிரட்டைலேந்து தவளையா மாறும்போது... நடுவுல..." என்று இழுத்தேன். (எம்.ஃபில்!)

"நடுவுல எலும்பு வால் வருமா?"

"வராது சார்."

"நெத்தில என்ன சிவப்பா?"

"ஆயுத பூஜை சார்."

"யார் கட்டினது இத?"

முதல்வர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போய். அவருக்கும் வீட்டில் சாப்பிட ஆள் உண்டு. என் கணவர் என்று சொன்னால், கல்லூரிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜுவாலஜி தெரியாத ஆளிடம் கொடுத்ததாக ஆகும். அதைவிட, அந்த மனுஷனை இத்தனை பேர் நடுவில் ஒரு சிரிப்பாக்க எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான் சார்."

"எதுக்கும் ஒரு தடவ புத்தகத்தப் பாத்திருக்கலாமேம்மா," என்றார், திட்டாமல், வருத்தமாக.

"புத்தகம் பூஜைல இருந்துச்சு சார்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே கேவலமான உண்மை அதுதான். குழுவில் யாரோ இருமினார்கள். முதல்வர் தரையைப் பார்த்தார். அவர் கொடுத்திருந்த வார்த்தை அந்தத் தரையோடு போனது எனக்குத் தெரிந்துவிட்டது. சாயந்திரம் கூப்பிட்டு, "செமஸ்டர் முடியறவரைக்கும் இருங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். 'உங்கள யார் வால் வெக்கச் சொன்னது? குப்பைல போடுன்னா போட வேண்டியதுதானே? சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே!' ஆவடி தாண்டுவதற்குள் இன்னும் மோசமான வசனங்களும் சேர்ந்துவிட்டன. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

கதவைத் திறந்தவர் ஷேவ் செய்திருந்தார். வெட்டுக்காயத்தோடு, ஆனால் மழமழவென்று. சட்டை போட்டிருந்தார். ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

"தவளயப் பாத்தாங்களா?"

நான் செருப்பைக் கழற்றினேன். "பாத்தாங்க."

"வால?"

"அதத்தான் மொதல்ல பாத்தாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாங்க," என்றேன். அவர் பாஷை எனக்கும் வந்துவிட்டது.

சிரித்தார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்றார். கரண்டியோடு நான் திரும்பி நின்றுகொண்டு போட்டேன், என் முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்று.

அடுத்த வாரமே அம்பத்தூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க ஆரம்பித்தார். கார்த்திகை முடிவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. என் வேலை போனபோது, "அந்த கோர்ஸயே எடுத்துட்டாங்க" என்று பொய் சொன்னேன். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை, பேப்பரில் சுற்றிய பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், லேபக் காலி பண்றாங்கோ. இத்தத் தூக்கிப் போடச் சொன்னாங்கோ, மனசு வர்ல. இந்த வாலாலதான் உங்க வேல போச்சு. இருந்தாலும் என்னிய காட்டிக் குடுக்காம நான்தான் கட்டுனேன்னு சொன்னீங்கோ பாருங்கோ, தெய்வம் மேடம் நீங்கோ!"

பின்னால் குமரன் நின்றிருந்தார்.

ஏழுமலை டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் குமரன் பெட்டியைத் திறந்து வாலைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"அன்னிக்குத்தான் நீங்க ரெண்டாவது தடவ சோறு கேட்டீங்க," என்றேன்.

உள்ளே போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். வாலை வெட்டப் போகிறார் என்று புரிந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வேலை, வெட்டாதீங்க என்றேன். பிளேயரைக் கீழே வைத்துவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் குறைவு, கூரை ஒழுகாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தவளைக்குப் புதுக் குங்குமம் வைக்கிறோம். புத்தகங்களை மட்டும் நான் பூஜையில் வைப்பதில்லை. வீட்டில் எது மிஞ்சினாலும், ஒரு இட்லியாகட்டும், ஒற்றை சாக்ஸாகட்டும், யாழினி, "தவளைக்கு வெச்சிடலாமா?" என்பாள். சொந்தக்காரர்கள்கூடக் கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். குமரனும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

ஆனால் இப்போதெல்லாம் ஃபேனோ மிக்ஸியோ எதைக் கழற்றி மாட்டினாலும், வேலை முடிந்ததும் என்னைத் தேடிச் சமையலறைக்கு வருகிறார். சில நாள் உள்ளங்கையில் ஒரு சின்ன திருகாணி இருக்கும்.

"சுதா, ஒண்ணு மிஞ்சிச்சு. மிஞ்சட்டுமா?"

"மிஞ்சட்டும்ங்க," என்கிறேன்.